முன்பெஞ்சில் அப்பாவின் முழங்கால்

எனக்குச் சிரிப்பு வியாதி உண்டு. சாவு வீட்டில் வரும், பரீட்சை ஹாலில் வரும், மேலதிகாரி திட்டும்போது கட்டாயம் வரும். என் கல்யாணம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவேன். அதனால் இதுவரை ஒருவருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதினால் அடக்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை. அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு, வீடு வாங்கி, கோயிலில் முன்பெஞ்சும் பிடித்துவிட்டார். கோயில் என்றால் இங்கே சர்ச். எங்கள் வீட்டில் சர்ச் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போதகரையும் ஐயர் என்றுதான் சொல்வோம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ஐயர் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் கோயில் மயிலாப்பூர் முடிந்து அடையாறு தொடங்குவதற்கு முன்னால், ஒரு பெரிய வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது. சின்னக் கட்டடம்தான். நடுவில் நடைபாதை. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். பெஞ்சுகளின் ஒரு முனை சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் உள்ளே உட்கார்ந்தவர் வெளியே வரவேண்டுமானால் நடைபாதை முனையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வழிவிட்டாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். முதல் பெஞ்சின் முனையில் உட்காருபவர் என் அப்பா.

முன்பெஞ்சுகள் முழுக்க எங்களைப் போல் தெற்கிலிருந்து வந்த கடைக்காரக் குடும்பங்கள். பின்பெஞ்சுகளில் இந்த ஊர்க்காரர்கள், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்கள். அவர்களுடைய தாத்தாமார் செங்கல் சுமந்து கட்டிய கோயில் அது. நாங்கள் வந்தபிறகு அவர்கள் எப்போது பின்னால் போனார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாதி என்ற வார்த்தையை அந்தக் கோயிலுக்குள் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்பெஞ்சிலிருந்து வரிசையாகப் போவோம். ரசம் ஒரே கிண்ணத்தில் இருக்கும், எல்லாரும் அதில்தான் வாய்வைத்துக் குடிக்க வேண்டும். என் அப்பாவோ வீட்டில் தன் சொந்த டம்ளரில்கூட உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவர். காப்பி கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அப்படித்தான். உலகத்திலேயே அவர் வாய்வைத்துக் குடித்த ஒரே பாத்திரம் கோயில் கிண்ணம். அதிலும் முதல் வாய் அவருடையது.

முன்னும் பின்னும் கலந்து நின்ற ஒரே இடம் பாட்டுக் குழு. அதற்குக் காரணம் ஐக்கியம் இல்லை, பற்றாக்குறை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மனக்கணக்கு வரும், கட்டைக்குரல் வராது. அடிக்குரலில் பாட ஆளில்லாமல் பின்பெஞ்சிலிருந்து ஒருவரைச் சேர்த்தார்கள். மின்சார ஆபீசில் குமாஸ்தா. அவரை எனக்குப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

நாள் முழுக்கக் காதில் குரல்களை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள் நான். கல்கத்தாவிலிருந்து கத்துகிறவர், பம்பாயிலிருந்து அழுகிறவர், எல்லாக் குரலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் முதல் ஒத்திகையில் என் பிடரிக்குப் பின்னால் அந்தக் குரல் புறப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. நான் சிரித்ததைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டார். பாட்டு நின்றது. ஆர்மோனியக்காரர் எங்கள் இருவரையும் வெளியே போய்ச் சிரித்து முடித்துவிட்டு வரச்சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன், நாங்கள் பெயர் சொல்லிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் ஒரு வருஷம் எலியட்ஸ் பீச். அப்போது பெசன்ட் நகரில் வீடுகளே கொஞ்சம்தான், மணல்தான் அதிகம். ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வருகிற ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப்போகும்போதெல்லாம், "இன்னாம்மா, இன்னும் பேசி முடியலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். முடியவில்லைதான். வேர்க்கடலைப் பொட்டலத்தில் கடைசிக் கடலையை யார் தின்பது என்று ஒரு மாலை முழுக்க வாதாடியிருக்கிறோம். எனக்கு அந்த வருஷம் கால் தரையில் பட்டதாக நினைவே இல்லை.

வீட்டில் சொன்னபோது பட்டது. அப்பா கத்தவில்லை. கடைக்கணக்கு கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"பிள்ள, நான் ஒண்ணும் கிறுக்கன் இல்ல. ஐயர் ஓலை வாசிக்கட்டும். மூணு ஞாயித்துக்கெழம. ஒருத்தரும் எந்திக்கலன்னா நானே ஒன் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாரேன். ஒரு ஆளு எந்திச்சாலும் நான் வரமாட்டேன். நீ ரிஜிஸ்டர் ஆபீசுல போயி முடிச்சிக்கிட வேண்டியதுதான்."

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்பவர் யாராவது உண்டா என்று கேட்பார். ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை. ஆனால் முன்பெஞ்சு மாமாக்கள் அத்தனை பேரில் ஒருவர்கூடவா எழமாட்டார் என்று அப்பா நம்பினார். நானும் அதைத்தான் நம்பினேன். அப்பா கையைப் பிடிக்காமல் நான் கல்யாணம் செய்துகொள்வேன், அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சிரிப்பேனா என்றுதான் தெரியவில்லை. அதுதான் என் பயம்.

ஓலை வாசிக்க வேண்டிய ஐயர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார், மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடுவார், பெரும்பாலும் அது நெற்றியில் இருக்கும். அவர் வந்த நாளிலிருந்து சபைக்கு ஒரே ஆராய்ச்சி, அவர் எந்தப் பக்கம்? முன்பெஞ்சும் விசாரித்தது, பின்பெஞ்சும் விசாரித்தது.

"ஐயருக்குச் சொந்த ஊரு?"

"பல ஊர்."

"அப்பா எந்த ஊருல இருந்தாங்க?"

"ரயில்வேயில இருந்தாங்க."

"அம்மாவோட ஊரு?"

"அவங்களும் அப்பாவோடதான் இருந்தாங்க."

ஐயரம்மாவின் தம்பி எங்கே பெண் எடுத்தார் என்றுகூடத் துப்புத் துலக்கப் பார்த்தார்கள். தம்பி பிரம்மச்சாரி என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் அவரைத் தன் ஆள் என்று நம்பி மரியாதை செய்தது, எதிர்ப்பக்கத்து ஆளோ என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டது. அவர் தலைமை தாங்கிய விதம் இதுதான். எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பேரும் கோயில்ல சிரிக்காம இருப்பீங்களா?" முயற்சி செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தோம்.

முதல் ஞாயிறு. ஐயர் ஓலையை வாசித்தார். தடை சொல்பவர் உண்டா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முன்பெஞ்சில் எண்ணெய்க்கடை மாமா எழுந்தார். அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மற்ற மாமாக்கள் யாரும் எழவில்லை. தனக்கு முன்னால் இன்னொருவர் எழுந்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். என் அப்பாவை நேருக்கு நேர் பகைத்துக்கொள்ளத் தனியாக யாருக்கும் துணிச்சல் இல்லை. எண்ணெய்க்கடை மாமா வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்காகத்தான் எழுந்தவர்போல உட்கார்ந்துவிட்டார். நான் கைக்குட்டையைப் பாதி விழுங்கியிருப்பேன்.

இரண்டாவது ஞாயிறு சரியான மழை. ஓட்டுக்கூரையில் விழுந்த சத்தத்தில் ஐயர் குரல் எடுபடவில்லை. அவர் தொண்டை கிழியக் கத்தினார். "இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றிருந்த யாரோ ஒருவர் வெளியிலிருந்து பதில் கொடுத்தார். "நமக்கு ஒண்ணியும் இல்ல நைனா, ஜாம் ஜாம்னு நடத்து!" பாட்டுக் குழுவில் எனக்குப் பின்னால் கட்டைக்குரல் குலுங்கியது. ஆராதனை முடியும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை. ஜெபத்தில் உருகிப்போய்விட்டேன் என்று பெண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பச்சை நைலெக்ஸ் புடவை கட்டிக்கொண்டு போனேன். முன்பெஞ்சு மாமாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் கேட்டார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. அவர் தாளை மடிக்கத் தொடங்கினார்.

"ஐயரே, எனக்கு கீது."

குரல் பின்னாலிருந்து வந்தது. பெண்கள் பக்கம், கடைசிப் பெஞ்சு. எழுந்து நின்றவர் மாப்பிள்ளையின் அம்மா.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தும். அவர் மகனுக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குச் சபை முழுவதும் தெரிந்துகொண்டது. நான் திரும்பி என் பின்வரிசையைப் பார்த்தேன். மகன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரிடமும் அம்மா சொல்லவில்லை.

"என்ன ஆட்சேபணைம்மா?" என்றார் ஐயர்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். எப்பப் பாத்தாலும் இளிச்சிகினு கீது, அது பரவால்ல. ஆனா எங்க வூட்டாண்ட ஜெபத்துக்கு வந்து, காபி குடுத்தா உபவாசம்னு சொல்றவங்க வூட்டுக்கு எம் புள்ளைய எப்டி அனுப்புறது? அவன் அங்க போய் சோறு துன்னுட்டு எழுந்தா, அந்தத் தட்டை இன்னா பண்ணுவாங்க? அத்த சொல்லச் சொல்லுங்க. அப்பால கல்யாணம் வெச்சிக்கலாம்."

எனக்கே சிரிப்பு வரவில்லை.

எண்ணெய்க்கடை மாமா முணுமுணுத்தார். "இதெல்லாம் சட்டப்படித் தடையே இல்லியே ஐயர்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி இல்லைங்க. முறை தப்பியிருந்தாலோ, முன்னாடியே வேற கல்யாணம் ஆகியிருந்தாலோதான் தடை. ஆனா ஆட்சேபணை இல்லைன்னு சொல்லி இந்தத் தாளை மடிக்க என்னால முடியாது. இந்தக் கோயில்ல ஒருத்தர் எழுந்து உண்மையைப் பேசி நான் கேக்கிறது இதுதான் முதல் தடவை." தாளை மடிக்காமலே பீடத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டாமலே ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆர்மோனியக்காரர் வாசிக்க ஆரம்பித்தபிறகுதான் அது அடக்க ஆராதனைப் பாட்டு என்று தெரிந்தது. பிரேதம் இல்லாமல் நாங்கள் நான்கு சரணமும் பாடினோம். அப்போது சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் கூடவே வந்தது.

ஒரு ஆள் எழுந்தாகிவிட்டது. அப்பா ஜெயித்துவிட்டார். நடைபாதையில் அவர் முகத்தில் ஒரு சின்னப் புன்னகைகூட இருந்தது. வேப்பமரத்தைத் தாண்டுவதற்குள் அது போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலே கூடத்தில் நடக்க ஆரம்பித்தார்.

"எம் பிள்ளைய வேண்டாம்னு சொல்லுததுக்கு அந்தம்மா யாரு? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு என்ன கொறச்சல்?"

அம்மா ஆட்டுக்கறிக் குழம்பை இறக்கி வைத்தபடியே சொன்னாள். "மொதல்ல வேண்டாம்னது நீங்கதான. இப்ப அவியளும் அதத்தான சொல்லுதாவ. ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் ஒத்துப்போவுது."

அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் யோசித்துப் பார்க்காத ஒன்று நடந்திருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் நாங்கள்தான் என்று முன்பெஞ்சு தலைமுறை தலைமுறையாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று ஒரு பதில் வரும் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. வந்ததும் அப்பாவால் தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, "கெளம்பு, அந்தம்மா வீட்டுக்குப் போவோம். ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சிட்டு வந்திருவோம். முடிஞ்சிது வெவகாரம்" என்றார்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் நானும் அப்பாவும். அப்பா நல்ல கனம். முன்னால் ஐயர் சைக்கிளில் வழிகாட்டிக்கொண்டு போனார். பாலம் ஏறும்போது ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளினார். "சார், நீ ஒருத்தன் எறங்குனா போதும், வண்டி தானா ஓடும்" என்றார். அப்பா இறங்கி நடந்தார். நான் மட்டும் ராணிபோல உட்கார்ந்திருந்தேன்.

ஒரே அறை வீடு. துணி போட்டு மூடிய தையல் மிஷின், சுவரில் இறந்துபோன கணவரின் படம். எங்களுக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளை கதவோரம் நின்றார், என்னைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார். அவர் அம்மா கீழே உட்கார்ந்தார்.

"இன்னா விசயமா வந்தீங்க?"

அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது காப்பி குடிப்பதை மட்டும்தான். காப்பி வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"புழுக்கமா இருக்கு."

"ஆமா."

"பாலத்துல ஒரே தூசி. தொண்டையக் கட்டிட்டு."

"அங்க எப்பவுமே தூசிதான்."

நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஐயர் சுவரில் இருந்த காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வருகிற எண்ணமே அவருக்கு இல்லை என்பது புரிந்தது.

அந்த அம்மாள்தான் பேசினார். "எங்க வூட்டுக்காரரு செத்தப்ப ஜெபத்துக்கு வந்தீங்க. மொதல் பெஞ்சு மொத்தமும் வந்துச்சி. நான் கடன்காரி மாதிரி தட்டைப் புடிச்சிகினு ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னேன். ஒருத்தரு உபவாசம்னாரு, ஒருத்தரு வயிறு சரியில்லன்னாரு. அத்தினி காபியையும் நான்தான் சாக்கடைல ஊத்தினேன். அப்பவே சொல்லிட்டேன், இனிமே நானா குடுக்க மாட்டேன். கேட்டா தர்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். ஐயர் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போயிருந்தார். தன் வாழ்க்கையில் அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் வாய்திறந்து கேட்பதற்குள் எடுத்துக்கொடுக்கத்தான் நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

அந்த அம்மாள் எழுந்து போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா வாங்கி, வழக்கப்படி அண்ணாந்து, டம்ளரை உயர்த்தினார். அந்த அம்மாள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தார். பழக்கம் இல்லாததால் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. எனக்கு அப்போது அப்பாவின்மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்ல! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"வூட்ல குடிச்சிட்டீங்க" என்றார் அந்த அம்மாள், டம்ளரை வாங்கிக்கொண்டு. "கோயில்ல? எங்க வரிசைக்கு வர்றப்போ கிண்ணத்துல வாசனைதான் கீது. எனக்கு நாக்கு நனைஞ்சதே இல்ல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். திரும்பி வரும்போது பாலம் ஏறுமுன் தானாகவே இறங்கி நடந்தார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அப்பா என்ன செய்யப்போகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வழக்கம்போல முதல் பெஞ்சின் முனையில் போய் உட்கார்ந்தார். பாட்டுக் குழுவின் இடம் பீடத்துக்குப் பக்கவாட்டில் என்பதால் எனக்கு எல்லா முகங்களும் தெரிந்தன. ஐயர் அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்து, வாருங்கள் என்றார். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை முதல் பெஞ்சருகே வந்து நின்று கையைக் காட்டினார்.

அப்பா எழவில்லை.

கோயில்பிள்ளை மறுபடி கையைக் காட்டினார். அப்பா இரண்டு முழங்கால்களையும் முன்னால் பாட்டுப்புத்தகம் வைக்கும் பலகையில் நன்றாக முட்டக்கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு சிலுவையைப் பார்த்தபடி இருந்தார். அடுத்திருந்த எண்ணெய்க்கடை மாமா குனிந்து கிசுகிசுத்தார்.

"வே, எந்திரும்."

"இரும்வே."

"எல்லாரும் காத்துட்டு இருக்காவ."

"இத்தன வருசம் அவிய காத்துட்டு இருந்தாவல்லா. நீரும் இரும்."

மாமா எழுந்து தாண்டிப் போகப் பார்த்தார். அப்பாவின் தொடையைத் தாண்டுவது லேசான காரியம் இல்லை. ஒரு காலைத் தூக்கியவர் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சுவரோரம் மாட்டிக்கொண்டவர்கள் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். முதல் பெஞ்சு போகாததால் இரண்டாம் பெஞ்சுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு முனையில் என் அம்மா. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, தானும் முழங்காலை முட்டக்கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். ஐயர் கிண்ணத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரமே இல்லாதவர்போல நின்றார்.

கடைசிப் பெஞ்சில் அந்த அம்மாள் எழுந்தார். செருப்பில்லாத கால், அவ்வளவு நீளம் நடைபாதையில் தனியாக நடந்து வந்தார். மண்டியிட்டார். ஐயர் கிண்ணத்தைச் சாய்த்தார், நன்றாகவே சாய்த்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பெஞ்சு முழுக்க வந்தது, பிறகு அதற்கு முந்திய பெஞ்சு. பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் பாடவேண்டிய பாட்டு முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடிந்தது. என் பிடரிக்குப் பின்னால் கட்டைக்குரல் ஒரு இடத்தில் உடைந்துபோய் நின்றுவிட்டது.

முன்பெஞ்சில் இரண்டு பேர் கோபத்தில் திருவிருந்து வாங்காமலே வெளியே போனார்கள். வழிவிடும்போது மட்டும் அப்பா மரியாதையாக எழுந்து நின்றார். ஒருவர் அதற்குப் பிறகு வேறு கோயிலுக்குப் போனார். எண்ணெய்க்கடை மாமா வேப்பமரம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல வரிசையில் சேர்ந்துகொண்டார்.

எல்லாருக்கும் பின்னால், கடைசி ஆளாக அப்பா போய் மண்டியிட்டார். இருநூறு வாய்களுக்குப் பிறகு அந்தக் கிண்ணம் அவரிடம் வந்தது. வாய்வைத்தார். ஐயர் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். அப்பாவின் தலை பின்னால் போய், துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஒன்றும் வரவில்லை. அப்பா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டபடி இருந்தார். அவர் காதுகள் சிவந்துபோயிருந்தன. அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை என்ன சொன்னார் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். ஐயருக்கும் கை ஓடவில்லை.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து, மைதானத்தை நிறுத்துகிற அந்தக் குரல் வந்தது.

"ஐயரே, இன்னா பாத்துகினு கீறீங்க? சம்பந்திக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!"

முதலில் சிரித்தது நான் என்றுதான் இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். இல்லை, அப்பாதான். மண்டியிட்ட இடத்திலேயே தோள் குலுங்கியது. பிறகுதான் நான், பிறகு எனக்குப் பின்னால் அவர், பிறகு முன்பெஞ்சு பின்பெஞ்சு என்று கோயில் முழுக்க. ஐயர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினார், நெற்றியில் இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குப்பியிலிருந்து ரசத்தை ஊற்றி, ஒரே ஒரு ஆளுக்காக ஆசீர்வாத ஜெபத்தை முதலிலிருந்து திரும்பச் சொன்னார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டை வைத்து, ஒரு சொட்டுக்கூடச் சட்டையில் சிந்தாமல் குடித்தார்.